விறகு அடுப்பு: சுத்தம் செய்வதும் பாதுகாப்பதும்

சென்னையை ஒட்டிய அனகாபுத்தூரில் தினச் சமையல் பெரும்பாலும் கேஸுக்குப் போய்விட்டது. பின்கட்டு விறகு அடுப்பு மட்டும் போகவில்லை. குளிக்க வெந்நீர், விசேஷ நாளில் பிரியாணி அண்டா, தை பிறந்தால் பொங்கல் பானை, நெசவுத் தெருக்களில் நூலுக்குச் சாயம் காய்ச்சும் பாத்திரம் என்று அதற்கு ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கிறது. தினமும் கண்ணில் படாத அடுப்பு என்பதால் அதன் பராமரிப்பு மறந்துபோகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள ஊரில் இந்த மறதி அடுத்த வீட்டையும் சேர்த்துப் பாதிக்கும்.

அடுப்பு எரியும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். அணைந்துவிட்டது என்று நினைத்து எழுந்து போன பிறகுதான் ஆபத்து அதிகம். சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு, குழாய்க்குள் படிந்த கரி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. அதனால் இந்த அத்தியாயத்தின் வேலைகளில் பெரும்பாலானவை ஆறிய அடுப்பில் செய்ய வேண்டியவை. சூடான அடுப்பில் துடைப்பத்தை விடாதீர்கள்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் சுத்தம் செய்வதற்கு முன் அதைத் திருத்துங்கள்.

1. அடுப்பு திறந்தவெளியிலோ, இரண்டு பக்கமாவது காற்று ஓடும் இடத்திலோ இருக்க வேண்டும். சுற்றிலும் மூன்றடிக்கு விறகு, கோணி, துணிக்கொடி, பிளாஸ்டிக் குடம் எதுவும் கூடாது.
2. மேலே கீற்றுக் கூரையோ தார்ப்பாயோ இருந்தால் அங்கே விறகு அடுப்பு வேண்டாம். தகர ஷீட் போட்டாலும் அதைத் தாங்கும் மூங்கிலும் சவுக்குக் கழியும் தீப்பிடிக்கும்.
3. கேஸ் சிலிண்டரும் விறகு அடுப்பும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. நடுவில் சுவர் வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து தணலைத் தேடிப் போகும்.
4. அடுப்புக்கு மேல் பரண் கட்டி விறகு காயவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள். பல தலைமுறைப் பழக்கம்தான், ஆனால் ஒரு பொறி மேலே போனால் போதும், பரண் முழுவதும் பற்றிவிடும்.

கையோடு வேண்டியவை

மூடியுள்ள இரும்பு வாளி, நீளப் பிடி வைத்த இரும்புக் கரண்டி, இரண்டடி இரும்புக் கம்பி, தோல் கையுறை, என்95 முகக்கவசம், டார்ச், பழைய கோணி இரண்டு, ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். மணலும் தண்ணீரும் அடுப்பு எரியும்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும். பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நைலான் நைட்டி, பாலியஸ்டர் துப்பட்டா போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போக வேண்டாம். அந்தத் துணி எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு முறையும்: சாம்பல்

இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலே பாதி ஆபத்து போய்விடும். சாம்பல் நல்ல போர்வை. அதற்குள் கங்கு ஒரு நாளைக்கு மேலும் உயிரோடு இருக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் குளிர்ந்த மாதிரிதான் தெரியும்.

1. வேலை முடிந்ததும் எரியும் கொள்ளிகளை வெளியே இழுத்து மணலில் குத்தி அணையுங்கள். அணைந்த கரிக்கட்டையை விறகுக் குவியலில் போடாதீர்கள். அதையும் இரும்பு வாளியில்தான் போட வேண்டும்.
2. அடுப்புக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பொங்கி வரும் ஆவி முகத்தைச் சுடும். மண் அடுப்பும் செங்கல்லும் வெடிக்கும். அப்படியே விட்டுவிடுங்கள்.
3. ஒரு இரவாவது ஆறட்டும். காலையில் இரும்புக் கம்பியால் அடிவரை கிளறுங்கள். புறங்கையை ஒரு சாண் உயரத்தில் காட்டிப் பாருங்கள். வெக்கை தெரிந்தால் இன்னும் பொறுங்கள்.
4. கரண்டியால் மெதுவாக அள்ளி இரும்பு வாளியில் போடுங்கள். சாம்பல் பறந்தால் கண் எரியும், மூச்சு திணறும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி உட்காருங்கள்.
5. கம்பிச் சல்லடை வைத்த அடுப்பானால் சல்லடைக்குக் கீழே உள்ளதை முழுதும் எடுங்கள். அங்கே அடைத்தால் காற்று ஏறாது, புகைதான் வரும். சல்லடை இல்லாத மண் அடுப்பில் அடியில் ஒரு அங்குலச் சாம்பலை விட்டுவைக்கலாம். அது தரையைச் சூட்டிலிருந்து காக்கும்.
6. வாளியை மூடி, வெறும் சிமெண்ட் தரையிலோ மண் தரையிலோ, சுவரிலிருந்தும் வண்டியிலிருந்தும் பத்தடி தள்ளி வையுங்கள். இரண்டு முழு நாள் போகட்டும்.
7. அதன் பிறகு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சேறானதும் அப்புறப்படுத்துங்கள்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* பிளாஸ்டிக் வாளி, மூங்கில் முறம், அட்டைப்பெட்டி, சிமெண்ட் கோணி ஆகியவற்றில் சாம்பலை அள்ளுவது. அதைவிடப் பெரிய தவறு, காலையில் வரும் குப்பை வண்டியில் சாம்பலைக் கொட்டுவது. 2021 நவம்பரில் அனகாபுத்தூர் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. வண்டி யாருடையதானாலும் அதைத் தள்ளி வருபவர் ஒரு தூய்மைப் பணியாளர். காகிதமும் பிளாஸ்டிக்கும் நிறைந்த அந்த வண்டியில் கங்கு விழுந்தால் அவர் கையிலும் முகத்திலும்தான் முதலில் சுடும். சாம்பல் சேறாகாமல் உங்கள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

*குறிப்பு:* சுத்தமான விறகின் சாம்பலை வாழைக்கும் முருங்கைக்கும் வேரைச் சுற்றி ஒரு கைப்பிடி தூவலாம். பாத்திரம் தேய்க்கலாம், ஆனால் ஈரச் சாம்பல் காரத்தன்மை உள்ளது, கையை அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை: மெழுகுதலும் விரிசலும்

அடுப்பு மெழுகுவதை அழகுக்கான வேலை என்று நினைத்துக் கைவிட்டவர்கள் பலர். மெழுகும் கைதான் விரிசலை முதலில் கண்டுபிடிக்கும். அதனால் அதை விடாதீர்கள்.

1. ஆறிய அடுப்பின் உள்பக்கத்தை உலர்ந்த தென்னந்துடைப்பத்தால் தட்டித் துடையுங்கள்.
2. டார்ச் அடித்து மூன்று இடங்களைப் பாருங்கள்: அடுப்பு வாயின் மேல் விளிம்பு, பாத்திரம் உட்காரும் குமிழ்கள், பெரிய அடுப்புக்கும் கொடி அடுப்புக்கும் நடுவே தீ போகும் வழி. விரிசல் முதலில் விடுவது அங்கேதான்.
3. குமிழ் ஆடினால் அந்த அடுப்பில் எதையும் ஏற்றாதீர்கள். இருபது லிட்டர் கொதிநீர் ஒரு பக்கம் சாய்ந்தால் காலில்தான் கொட்டும்.
4. மயிரிழை விரிசலுக்குச் சலித்த களிமண், மணல், கொஞ்சம் உமி, சாணம் சேர்த்துக் குழைத்து, விரிசலை நனைத்துவிட்டு அழுத்திப் பூசுங்கள். புற்றுமண் கிடைத்தால் இன்னும் உறுதி. நிழலில் காயட்டும்.
5. விரல் நுழையும் விரிசலைப் பூசி மறைக்காதீர்கள். அந்தப் பகுதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

தீ படும் இடத்தில் சிமெண்ட் பூசுவது பார்க்க உறுதியாகத் தெரியும். சில நாளில் சூட்டில் பொரிந்து தெறிக்கும். தெறிக்கும் சில்லு கண்ணுக்கு ஆபத்து. சிமெண்ட் வெளிப்புறத்துக்கு மட்டும்.

அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே பாத்திரத்தின் அடியில் நீர்த்த களிமண்ணை மெல்லத் தடவிவிட்டால் கரி பாத்திரத்தில் ஒட்டாது. கழுவும்போது மண்ணோடு வந்துவிடும்.

மாதம் ஒருமுறை: புகைபோக்கி

1983-இல் மத்திய அரசு தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின் வழியாகப் புகையில்லா அடுப்புகள் நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. அடுப்பின் பின்னால் மூன்று நான்கு அங்குலக் குழாய், அதன் தலையில் ஒரு தொப்பி. இந்த அமைப்பு நன்றாகத்தான் வேலை செய்யும், குழாயைத் துடைத்தால். துடைக்காத வீடுகளில் புகை திரும்பி வரும். புகை திரும்பினால் குழாயைக் குறை சொல்லிப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள்.

தினமும் எரியும் அடுப்பானால் மாதம் ஒருமுறை துடையுங்கள். எப்போதாவது எரிவதானால் ஐப்பசி மழைக்கு முன் ஒன்று, பொங்கலுக்கு முன் ஒன்று போதும்.

1. ஒரு முழு நாள் அடுப்பு ஆறியிருக்கட்டும்.
2. மேலே பாருங்கள். மின் கம்பியோ கேபிளோ குழாய்க்கு அருகில் போகிறதா? போனால் இரும்புக் கழி, இரும்பு ஏணி எதையும் எடுக்காதீர்கள். மின் வாரியத்திடம் சொல்லி வழி செய்த பிறகுதான் வேலை.
3. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் கால் வைக்காதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆளைத் தாங்காது. சுவரில் சாய்த்த ஏணியில் நின்று எட்டும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள். ஏணியை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். எட்டாவிட்டால் கீழிருந்தே குழாயைக் கழற்றித் துடையுங்கள்.
4. ஈரக் கோணியால் அடுப்பு வாயையும் பாத்திரக் குழியையும் மூடுங்கள். இல்லாவிட்டால் கரித்தூள் வீடெங்கும் படியும்.
5. தொப்பியை எடுத்துக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மைனாவும் குளவியும் ஓய்ந்திருக்கும் குழாயை விடாது. குளவி இருந்தால் பகலில் கை வைக்க வேண்டாம்.
6. நீளக் கயிற்றின் நடுவில் குழாயின் உள்ளளவுக்குத் தேங்காய் நாரை உருண்டையாகக் கட்டுங்கள். கயிற்றின் ஒரு நுனியில் கல் கட்டி மேலிருந்து இறக்குங்கள். கீழே ஒருவர், மேலே ஒருவர் மாறி மாறி இழுங்கள். கரி விழுவது நிற்கும்வரை இழுக்க வேண்டும்.
7. விழுந்த கரியை இரும்பு வாளியில் சேருங்கள். கீழிருந்து ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வானம் வட்டமாகத் தெரிய வேண்டும்.
8. தொப்பியை மாட்டி, ஒரு செய்தித்தாளை உள்ளே கொளுத்துங்கள். மூட்டு வழியாகவோ துரு தின்ற ஓட்டை வழியாகவோ புகை கசிந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள்.

விழும் கரியின் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்புத் தூளாக உதிர்ந்தால் நல்லது. தார் ஊற்றியதுபோல் பளபளவென்று கெட்டியாக ஒட்டியிருந்தால், நீங்கள் ஈர விறகைப் புகையவிட்டு எரிக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பளபளப்பே எரிபொருள்தான். கால் அங்குலம் படிந்துவிட்டால் சுரண்டி எடுக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

குழாயைப் பற்றி மூன்று கண்டிப்பான விஷயங்கள். பிவிசி மழைநீர்க் குழாயைப் புகைபோக்கியாக வைக்காதீர்கள். அது உருகும், வெளிவரும் வாயு நஞ்சு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயானால் உலர்வாகச் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம், அதன் நார்த்தூள் நுரையீரலுக்குக் கேடு. நனைத்துவிட்டு முழுதாகக் கழற்றி, ஜி.ஐ. குழாய்க்கு மாறுங்கள். மூன்றாவது, ஜி.ஐ. குழாய் மரச்சட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கூரைக்கு மேல் மூன்றடி உயர வேண்டும்.

செம்பு வெந்நீர் பாய்லர்

நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர், மேலே புனல், பக்கத்தில் தண்ணீர் வரும் மூக்கு. இந்தப் பழைய பாய்லரை வைத்திருப்பவர்கள் அதை விற்காதீர்கள், நல்ல பொருள். ஆனால் இரண்டு விதிகளை மீறக் கூடாது.

ஒன்று, தண்ணீர் இல்லாமல் தீ வைக்கக் கூடாது. மூட்டுகள் ஈயப்பற்று. வெறும் பாய்லரில் அவை உருகிவிடும். முதலில் தண்ணீர், பிறகு தீ.

இரண்டு, புனலையோ மூக்கையோ அடைக்கக் கூடாது. ஆவி போக அதுதான் வழி. சூடு தங்கட்டும் என்று புனலில் துணி திணிப்பதும், மூக்கில் குழாய் மாட்டித் திருகி மூடுவதும் பாய்லரைக் குண்டாக்கும்.

நம் பக்கத்து போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். உள்ளே வெள்ளைப் படிவு கட்டினால் விறகு கூடுதலாகும், மூக்கும் மெல்ல அடைபடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யுங்கள்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கரைத்து நிரப்பி, இரண்டு மணி நேரம் விட்டு வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். கழிவறை ஆசிட் வேண்டாம், அது செம்பையும் பற்றையும் தின்றுவிடும். வெளியே பச்சைக் களிம்பு ஏறினால் புளி போதும். இந்தத் தண்ணீர் குளிக்க மட்டும். சமைக்கவோ குடிக்கவோ எடுக்காதீர்கள்.

எதை எரிக்கலாம்

விறகுத் தொட்டியில் சவுக்கோ கருவேலமோ வாங்கும்போது இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது, மந்தமாகக் கேட்டால் ஈரம். வெட்டுமுகத்தில் விரிசல் ஓடியிருக்க வேண்டும். கொட்டாங்குச்சி, பாளை, தென்னை மட்டை, வரட்டி எல்லாம் நல்லவை, ஆனால் பாளையும் மட்டையும் குபீரென்று எரியும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும்.

பெயிண்ட் அடித்த கதவு, பிளைவுட், லேமினேட் பலகை, பால் பாக்கெட், டயர் துண்டு, சாயம் ஏறிய நூல் கழிவு எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்தப் புகை என்ன செய்யும் என்பது தெரியாத விஷயமில்லை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானத்தையே நிறுத்தும் புகையை ஊதாங்குழலோடு முகத்துக்கு நேரே மூச்சில் இழுப்பவர், பெரும்பாலும், அந்த வீட்டுப் பெண்.

தீ பிடிக்கவில்லை என்று மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், சானிடைசர் ஊற்றாதீர்கள். தணல் இருக்கும் அடுப்பில் ஊற்றினால் தீ கேனுக்கே ஏறி வரும். காய்ந்த தென்னஞ்சிராயும் ஒரு துண்டு காகிதமும் போதும்.

தறி வீட்டுக்காரர்களுக்குத் தனியாக

நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து அனுப்பிய ஊர் இது. இன்று வாழைநாரிலும் சணலிலும் சேலை நெய்கிறார்கள். பருத்திப் பிசிறும் நார்த்தூளும் ஒரு பொறிக்குப் பற்றும். தறி இருக்கும் அறைக்குள் சாய அடுப்பு வைக்க வேண்டாம். அடுப்புக்கும் தறிக்கும் நடுவே மூடிய கதவு வேண்டும். காயும் நூலைப் புகைபோக்கி இருக்கும் பக்கம் கொடியில் போடாதீர்கள். வாரம் ஒருமுறை கூரைச் சட்டத்தில் படிந்த பிசிறை ஈரத்துணியால் துடையுங்கள். தறியிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போகும்முன் உடம்பில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுங்கள். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் எந்தக் காரணத்துக்கும் சமைக்க வேண்டாம்.

மழைக்காலம்

விறகைத் தரையில் அடுக்காமல் செங்கல் மேல் பலகை போட்டு அடுக்குங்கள். எடுக்கும்போது கையை விடாமல் கம்பியால் முதலில் தட்டுங்கள். தேளும் பாம்பும் அங்கே ஒதுங்கும். பற்றவைக்கும் முன் அடுப்பு வாய்க்குள் டார்ச் அடியுங்கள். இதமான சாம்பலில் பூனைக்குட்டி படுத்திருக்கலாம்.

2015 டிசம்பரில் அடையாற்று நீர் வீடுகளுக்குள் புகுந்ததுபோல் வெள்ளம் அடுப்பை மூழ்கடித்தால் அவசரப்படாதீர்கள். சேற்றைக் கையுறையோடு அள்ளி எடுத்து, இரண்டு வாரம் காற்றில் காயவிடுங்கள். பிறகு மூன்று நாள், நாளுக்கு அரைமணி நேரம், சில கொட்டாங்குச்சிகளை மட்டும் எரியுங்கள். ஊறிய சுவரில் பெருந்தீ மூட்டினால் உள்ளே உள்ள நீர் ஆவியாகிச் செங்கல் தெறிக்கும். மொட்டை மாடியில் பொங்கல் வைப்பவர்களும் இதையே கவனியுங்கள். கான்கிரீட்டின் மேல் நேராக அடுப்பு மூட்டாமல், அடியில் செங்கல் பரப்பி, அதன்மேல் நான்கு அங்குலம் காய்ந்த மணல் போட்டு மூட்டுங்கள்.

அறைக்குள் தணல் வேண்டாம்

குளிருக்கோ, கொசுவுக்கோ, பிள்ளை பெற்றவளுக்குச் சாம்பிராணி போடவோ தணல் சட்டியை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கொடைக்கானலில் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கிய சிலர் எழுந்திருக்கவில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் தெரிந்தால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். சாம்பிராணி போடுவதானால் கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். சட்டியை முடிந்தவுடன் வெளியே எடுத்துவிடுங்கள்.

தீப் பிடித்தால், சுட்டுக்கொண்டால்

1. குழாய்க்குள் ரயில் போவதுபோல் இரைச்சல் கேட்டால் உள்ளே கரி பற்றிவிட்டது. அடுப்பு வாயை ஈரக் கோணியாலும் மணலாலும் அடைத்துக் காற்றை நிறுத்துங்கள். குழாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி 101-ஐ அழையுங்கள்.
2. துணியில் தீ பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் உருள வேண்டும். கனமான பருத்திப் போர்வையால் சுற்றுங்கள்.
3. சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். வளையல், மோதிரத்தை வீக்கம் வரும் முன் கழற்றுங்கள். இங்க், மாவு, பற்பசை, நெய், ஐஸ் எதையும் வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.
4. முகம், கை, மூட்டு சுட்டாலும், உள்ளங்கையைவிடப் பெரிதாகச் சுட்டாலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்தில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை. பெரிய தீக்காயங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவே இருக்கிறது.

101-இல் பேசும்போது தெருப் பெயர், அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளி, வீட்டில் சிலிண்டர் இருக்கிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். உங்கள் தெருவின் முனையிலிருந்து வீட்டு வாசல்வரை ஒரு மாலை நடந்து பாருங்கள். வண்டிகள் நிறுத்தியபின் தீயணைப்பு வண்டி நுழைய இடம் மிஞ்சுகிறதா? மிஞ்சாவிட்டால் அக்கம்பக்கத்தாரிடம் பேசி ஒரு பக்கத்தையாவது காலியாக வையுங்கள்.